குழந்தைக்கு ரெட்டினா பிரிஞ்சிருச்சா? ஆபரேஷன்ல கேட்க வேண்டியது, வீட்ல செய்ய வேண்டியது

முதல்லயே சொல்லிடறேன், ரெட்டினா, அதாவது கண்ணுக்குள்ள பின்பக்கம் இருக்கற பார்வைப் படலம், பிரிஞ்சுட்டா அத எந்த சொட்டு மருந்தும் ஒட்ட வைக்காது. ஒட்ட வைக்கிறது ஆபரேஷன்தான், மருந்தெல்லாம் அதுக்கப்புறம் வீக்கத்தையும் கண் பிரஷரையும் அடக்கி வைக்கத்தான்.

பெரியவங்கன்னா கண்ணுல மின்னல் அடிக்குது, திரை விழுந்த மாதிரி இருக்குன்னு சொல்லிடுவாங்க. குழந்தை சொல்லாது, நல்ல கண்ண வச்சு ஓட்டிட்டே இருக்கும், அதுக்குள்ள உள்ள தழும்பு சவ்வு வளர்ந்து ரெட்டினாவ சுருக்கி இழுத்துடும், டாக்டர் பிவிஆர்னு சொல்றது இதத்தான். புதுசா மாறுகண், கண்ணு நடுவுல இருக்கற கருப்பு பாப்பாக்குள்ள வெள்ளையா தெரியறது, ஒரு கண்ண பொத்தினா மட்டும் அழுது கைய தட்டி விடறது, இதுல எது இருந்தாலும் அன்னைக்கே காட்டுங்க.

சின்ன வயசுல கண்ணுக்குள்ள இருக்கற ஜெல் ரெட்டினாவோட கெட்டியா ஒட்டியிருக்கும், அதனால முடிஞ்ச வரைக்கும் வெளியில சிலிகான் பட்டை வச்சு அழுத்தற பக்கிள் ஆபரேஷனத்தான் பாப்பாங்க. ரொம்ப சின்னக் குழந்தைன்னா கண் வளர வளர அந்த பட்டைய பின்னாடி வெட்டி விடவும் வேண்டி வரலாம். சவ்வு வளர்ந்துட்டா விட்ரெக்டமி, அதாவது உள்ள இருக்கற ஜெல்ல எடுக்கற ஆபரேஷன் பண்ணி, சவ்வ உரிச்சு, லேசர் வச்சு, கேஸோ (வாயு) சிலிகான் ஆயிலோ நிரப்புவாங்க. எதை நிரப்பினீங்க, எப்படி படுக்கணும், எத்தன நாள்னு எழுதி வாங்கிக்கோங்க. கேஸ்னா அது கரையற வரைக்கும் விமானம் கூடாது, மயக்கம் குடுக்கறவங்ககிட்டயும் சொல்லியே ஆகணும், நைட்ரஸ் ஆக்சைடு பட்டா கேஸ் ஊதிப் பெருசாகும். ஆயில்னா பெரும்பாலும் சில மாசத்துல எடுக்க இன்னொரு ஆபரேஷன், அதுக்கும் இப்பவே மனச தயார் பண்ணிக்கோங்க.

சொட்டு மருந்துதான் வீட்ல பெரிய போராட்டம். மல்லுக்கட்டாதீங்க. மல்லாக்க படுக்க வச்சு, கண்ண மூடச் சொல்லி, மூக்கு ஓர மூலையில ஒரு சொட்டு விடுங்க, கண்ண தொறந்ததும் தானா உள்ள போயிடும். அந்த மூலைய ஒரு நிமிஷம் லேசா அழுத்திக்கோங்க, அடுத்த மருந்துக்கு 5 நிமிஷம் விடுங்க. பாப்பாவ விரிய வைக்கற அட்ரோபின் சொட்டு போட்டு மூஞ்சி செவந்து, உடம்பு சுட்டு, வாய் காஞ்சு, உளறினா அடுத்த சொட்டு போடாம உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க. வீக்கத்துக்கு குடுக்கற ஸ்டீராய்டு சொட்ட நீங்களா நிறுத்தவும் வேணாம், நீட்டவும் வேணாம், குழந்தைங்களுக்கு அதுல பிரஷர் சட்டுனு ஏறும். கண்வலியோட வாந்தி வந்தா வயித்துக் கோளாறுன்னு விட்டுடாதீங்க.

ரெட்டினா ஒட்டின பிறகும் மூளை அந்த கண்ண கண்டுக்காம விட்டுடும், அதுக்குத்தான் கண்ணாடியும் நல்ல கண்ணுக்கு பேட்சும், டாக்டர் சொன்ன மணிக்கணக்குல. அப்புறம், அடுத்த தடவ மயக்கம் குடுக்கறப்ப அந்த நல்ல கண்ணோட ரெட்டினாவையும் ஓரம் வரைக்கும் பாத்துடுங்கன்னு கேட்டு வைங்க.