பிளினி 6.101 என்றால் எந்தப் பக்கம்? கிரேக்க, லத்தீன் மேற்கோள்களை மூலத்தில் தேடிப் பிடிக்கும் முறை

ரோமப் பேரரசிலிருந்து ஆண்டுதோறும் இந்தியாவுக்குப் போன பணம் எவ்வளவு? போன வருடம் ஒரு கட்டுரைக்காக இந்த ஒரே ஒரு எண்ணைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். ஒரு நூலில் 5 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) என்று இருந்தது. இன்னொன்றில் 10 கோடி. மூன்றாவதில் 55 கோடி. மூன்றும் சாட்சிக்கு அழைத்தது ஒரே ஆளை: இயற்கை வரலாறு எழுதிய மூத்த பிளினி. அடிக்குறிப்புகளைப் பார்த்தால் ஒன்றில் 6.26, ஒன்றில் 6.101, மற்றதில் 12.84. இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் இரண்டு இரவுகள் கழிந்தன.

இப்போது அதே வேலை எனக்குப் பத்து நிமிடம். கிரேக்கமோ லத்தீனோ படித்திருக்க வேண்டியதில்லை. எண்களை வாசிக்கத் தெரிந்தால் போதும். அதை யாரும் தனியாகச் சொல்லித் தருவதில்லை என்பதால் இந்தப் பதிவு.

படி 1: மேற்கோளை மூன்றாக உடையுங்கள்

ஆசிரியர், நூல், எண். மேற்கோள் எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

ஆங்கில ஆய்வு நூல்களில் முதல் இரண்டையும் சுருக்கி எழுதுவார்கள். பி, எல் என்று இரண்டே எழுத்து இருந்தால் பெரும்பாலும் பிளேட்டோ. அதோடு ஐ, என் சேர்ந்தால் பிளினி. நூல்களின் பெயரை லத்தீன் தலைப்பிலிருந்து சுருக்குவதுதான் வழக்கம். அரிஸ்டாட்டிலின் நிக்கோமாக்கிய அறவியல் ஈ, என் என்று வருவது அதனால்தான்; லத்தீனில் ‘எதிகா நிகோமகேயா’. பிளினியின் நூலைச் சிலர் என், எச் என்றும் சிலர் எச், என் என்றும் எழுதுவார்கள். இரண்டும் ஒன்றே. ஆக்ஸ்போர்டு செவ்வியல் அகராதியின் முன்பக்கங்களில் இந்தச் சுருக்கங்களின் நீண்ட பட்டியல் இருக்கிறது. அதை ஒரு படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: அந்த எண் என்ன வகை என்று பாருங்கள்

அது உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தின் பக்க எண் அல்ல. நம்மில் பலர் வழுக்குவது இங்கேதான்.

பிளேட்டோவில் ‘குடியரசு 514ஏ’ என்று வரும். 1578-இல் ஜெனீவாவில் ஆன்ரி எஸ்தியேன் என்ற அச்சகர் பிளேட்டோவின் நூல்களை மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தார். லத்தீனில் அவர் பெயர் ஸ்டெஃபானஸ். ஒரு பத்தியில் கிரேக்கம், பக்கத்துப் பத்தியில் லத்தீன் மொழிபெயர்ப்பு, நடுவே ஏ முதல் ஈ வரை எழுத்துகள். 514ஏ என்றால் அந்தப் பதிப்பின் 514-ஆம் பக்கத்தின் முதல் பகுதி. குகை உவமை தொடங்கும் இடம். நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுக்க அந்தப் பக்க எண்களையே பிடித்துக்கொண்டிருக்கிறது. எந்த மொழிபெயர்ப்பை வாங்கினாலும், ஓரத்தில் அந்த எண் இருந்தால் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரலாம்.

ஒரு எச்சரிக்கை. மூன்று தொகுதிகளிலும் பக்க எண் புதிதாகத் தொடங்குகிறது. அதனால் நூலின் பெயர் இல்லாமல் எண்ணை மட்டும் குறித்துவைத்தால் பயனில்லை. பிளேட்டோவின் ‘தியடேட்டஸ்’ நூலில் 174ஏ-இல், வானத்து நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டே நடந்து கிணற்றில் விழுந்த மெய்யியலாளர் தேலிஸின் கதை வருகிறது. பிளேட்டோவின் ‘விருந்து’ நூலில் 174ஏ-இல், வழக்கத்துக்கு மாறாகக் குளித்துச் செருப்பு அணிந்து சாக்ரடீஸ் விருந்துக்குக் கிளம்புகிறார். எண் ஒன்று, நூல் வேறு.

அரிஸ்டாட்டிலுக்கு பெக்கர் எண். பெர்லின் கழகத்துக்காக இம்மானுவேல் பெக்கர் 1831-இல் கொண்டுவந்த பதிப்பின் பக்கம், பத்தி, வரி. கவிதையியல் 1449பி 24 என்றால் 1449-ஆம் பக்கம், இரண்டாம் பத்தி, 24-ஆம் வரி. துன்பியல் நாடகத்தின் புகழ்பெற்ற வரையறை அங்கே தொடங்குகிறது; கதார்சிஸ் என்ற சொல் வருவதும் அங்கேதான். இந்தப் பதிப்பில் பக்க எண் தொடர்ந்து ஓடுவதால், எண்ணை வைத்தே நூலைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் வரி எண் கிரேக்கப் பதிப்பின் வரி. மொழிபெயர்ப்பில் இரண்டு மூன்று வரி முன்னே பின்னே இருக்கும்.

ஹெரடோட்டஸ், தூசிடிடீஸ் எல்லாம் எளிது: புத்தகம், அத்தியாயம். ஹோமருக்குக் காண்டம், அடி. சாக்ரடீஸுக்கு முந்தைய மெய்யியலாளர்களின் முழு நூல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. பிறர் மேற்கோள் காட்டிய துண்டுகள்தான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றுக்கு டீல்ஸ், கிரான்ஸ் என்ற இரு ஜெர்மன் அறிஞர்களின் எண்: முதலில் ஆளின் எண், பிறகு ஏ என்றால் அவரைப் பற்றிப் பிறர் சொன்னது, பி என்றால் அவருடைய சொந்த வாக்கு என்று கருதப்படுவது. தேலிஸ் 11, ஹெராகிளிட்டஸ் 22. மேலே சொன்ன கிணற்றுக் கதை இந்த முறையில் 11 ஏ 9. அந்த ஏ எழுத்தைக் கவனிக்காமல் ‘தேலிஸ் சொன்னார்’ என்று எழுதிவிடாதீர்கள். அது அவரைப் பற்றிப் பிளேட்டோ சொன்ன கதை.

படி 3: நூலைத் திறக்க எங்கே போவது

டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளம் இலவசம். மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. கிரேக்கச் சொல்லைத் தொட்டால் அதன் பொருளும் இலக்கணமும் காட்டும். அதே தளத்தின் புதிய வடிவமான ஸ்கைஃப் 2018-இல் வந்தது. முதல்முறை நுழைபவர்களுக்குப் பழைய பெர்சியஸையே நான் சொல்வேன். எங்கே இருக்கிறோம் என்பது அதில் சட்டென்று புரிகிறது.

லத்தீன் நூல் என்றால் என் முதல் தேர்வு லாகஸ் கர்ட்டியஸ் என்ற இணையதளம். பிளினியின் லத்தீன் மூலம் பிரிவு எண்களோடு அங்கே இருக்கிறது.

மனதுக்கு மிகவும் பிடித்தது லோப் நூல்வரிசைதான். 1912 முதல் வருகிறது. இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் ஆங்கிலம். கிரேக்க நூலுக்குப் பச்சை அட்டை, லத்தீனுக்குச் சிவப்பு. பழைய தொகுதிகள் பல இணைய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கின்றன. மொழி தெரியாவிட்டாலும் எதிர்ப் பக்கத்தில் மூலம் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது ஐந்தாம் படியில் தெரியும்.

குடன்பர்க் தளத்தில் கிடைக்கும் ஜோவெட்டின் பிளேட்டோ மொழிபெயர்ப்பு வாசிக்க நன்றாக இருக்கும். ஆனால் ஸ்டெஃபானஸ் எண்கள் இல்லை, அதனால் மேற்கோள் தேட உதவாது.

படி 4: பிளினி

இதற்கு மட்டும் ஒரு தனிப் படி. என் இரண்டு இரவுகளும் இங்கேதான் போயின.

இயற்கை வரலாறு 37 புத்தகங்கள் கொண்ட நூல். அதில் அத்தியாயங்களை எண்ணும் முறை ஒன்றல்ல, இரண்டு. அவை போதாதென்று, ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் முதலிலிருந்து கடைசிவரை ஓடும் சிறு பிரிவு எண்கள் வேறு. ஆக, ஒரே இடத்துக்கு 6.26 என்றும், 6.23 என்றும், 6.101 என்றும், 6.26.101 என்றும் முகவரி எழுதலாம். நான்கும் சரி.

போஸ்டாக், ரைலி இருவரும் செய்த 1855-ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் அத்தியாயத் தலைப்பில் 26 என்றும், அடைப்புக்குறிக்குள் 23 என்றும் போட்டிருப்பார்கள். சிறு பிரிவு எண் இருக்காது. அதில் போய் ஆறாம் புத்தகத்தின் 101-ஆம் அத்தியாயத்தைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அந்தப் புத்தகத்தில் நூறு அத்தியாயமே கிடையாது. நான் தேடினேன், நூல் முழுமையாக இல்லை என்று நினைத்துத் தளத்தை மாற்றினேன், அங்கேயும் அதே கதை.

வழி இதுதான். புள்ளிக்குப் பின் வரும் எண் பெரிதாக, ஐம்பதுக்கு மேல் இருந்தால், அதைச் சிறு பிரிவு எண் என்று வைத்துக்கொண்டு லாகஸ் கர்ட்டியஸுக்கோ லோபுக்கோ போங்கள். சின்ன எண்ணாக இருந்தால் முதலில் அத்தியாயம் என்று எடுத்துப் பாருங்கள். பொருள் பொருந்தவில்லையென்றால் சிறு பிரிவாக எடுத்துப் பாருங்கள். நீங்கள் எழுதும்போது புத்தகமும் சிறு பிரிவும் மட்டும் போதும்: 6.101.

சரி, அப்படித் திறந்தபோது என்ன கிடைத்தது?

6.101-இல், இந்தியா எந்த ஆண்டும் 5 கோடி செஸ்டர்ஸுக்குக் குறையாமல் நம் பேரரசிடமிருந்து உறிஞ்சுகிறது, அங்கிருந்து வரும் சரக்குகள் இங்கே நூறு மடங்கு விலைக்கு விற்கின்றன என்கிறார் பிளினி. அப்படியானால் அந்த 55 கோடி? அது 1855 மொழிபெயர்ப்பில் இருக்கும் எண். ரோமானியர் பெரிய தொகைகளை எழுதும்போது எண்ணின் மேலும் இரு பக்கமும் கோடு போட்டு, நூறாயிரத்தால் பெருக்கு என்று காட்டுவார்கள். கையால் படியெடுக்கும்போது இவை எளிதில் சிதையும். இன்றைய பதிப்புகளும் லோபும் ஏற்பது 5 கோடி. அதனால் எண் சம்பந்தப்பட்ட மேற்கோள் என்றால் ஒரே மொழிபெயர்ப்போடு நிறுத்தாதீர்கள். பழையது ஒன்று, புதியது ஒன்று என்று இரண்டையாவது பாருங்கள்.

அப்படியே மூன்று பிரிவு கீழே இறங்கி 6.104-ஐயும் வாசித்துவிடுங்கள். இந்தியாவின் முதல் துறைமுகம் முசிறி என்றும், அருகே கடற்கொள்ளையர் இருப்பதால் அங்கே இறங்குவது நல்லதல்ல என்றும் சொல்கிறார். அடுத்து பாண்டியனும், துறைமுகத்திலிருந்து வெகுதூரம் உள்நாட்டில் இருக்கும் மதுரையும் வருகின்றன. அந்தப் பெயர்களை லத்தீன் பக்கத்தில் நேரில் பார்த்த அன்று நான் வேறு எதையும் படிக்கவில்லை.

படி 5: முன்னும் பின்னும் வாசியுங்கள், மூலத்தை எட்டிப்பாருங்கள்

இனி 10 கோடி. 12.84-ஐத் திறந்தால், மிகக் குறைவாகக் கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 10 கோடி செஸ்டர்ஸ் போகிறது என்று இருக்கிறது. யாரிடம் போகிறது? லத்தீன் பக்கத்தில் ‘இந்தியா எத் சேரெஸ் எத் பேனின்சுலா இல்லா’. லத்தீன் தெரியாமலே முதல் சொல் புரிகிறது. மற்றவற்றை சிகாகோ பல்கலைக்கழகத்தின் லோகெயோன் அகராதியில் போட்டால், சேரெஸ் என்பது பட்டு நாட்டு மக்கள், அதாவது சீனப் பக்கத்தவர். ‘பேனின்சுலா இல்லா’ என்றால் அந்தத் தீபகற்பம். எந்தத் தீபகற்பம்? முந்தைய பிரிவுகளை வாசித்தால்தான் தெரியும்: பேச்சு முழுக்க அரேபியாவையும் சாம்பிராணியையும் பற்றியது. 10 கோடி மூன்று இடங்களுக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு. அதை இந்தியாவுக்கு மட்டும் என்று எழுதியவர்கள் அந்த ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாக வாசிக்கவில்லை.

12.83-இல் இன்னொன்றும் இருக்கிறது. மனைவி பொப்பேயாவின் இறுதிச் சடங்கில் பேரரசன் நீரோ எரித்த நறுமணப் பொருள் அரேபியாவின் ஓராண்டு விளைச்சலைவிட அதிகம் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்கிறார்களாம். 10 கோடி கணக்கு முடிந்த கையோடு, நம் ஆடம்பரத்துக்கும் பெண்களுக்கும் இவ்வளவு செலவாகிறது என்று அங்கலாய்க்கிறார். அப்படியென்றால் அந்த எண் சுங்கச் சாவடிக் கணக்கேட்டிலிருந்து எடுத்து வைத்ததுபோல வரவில்லை. ரோமின் ஊதாரித்தனத்தைக் கண்டிக்கும் ஒருவரின் வாதத்துக்குள் வருகிறது. எண்ணைப் பயன்படுத்தலாம், ஆனால் அது எந்தப் பேச்சின் நடுவே வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் கட்டுரையில் இரண்டு எண்களையும் கொடுத்து, எது எதற்கு என்று பிரித்தே எழுதினேன்.

மேற்கோளுக்கு முன் ஒரு பக்கம், பின் ஒரு பக்கம். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பிற்சேர்க்கை 1

அரிஸ்டாட்டிலின் ‘ஏதென்ஸ் அரசமைப்பு’ நூலுக்கு பெக்கர் எண்ணே காணோமே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இருக்காது. அது எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களிலிருந்து 1891-இல்தான் அச்சேறியது, பெக்கரின் பதிப்புக்கு அறுபது ஆண்டுகள் கழித்து. அதை அத்தியாய எண்ணால் மட்டுமே குறிப்பார்கள்.

பிற்சேர்க்கை 2

இன்னொருவர், வெசூவியஸ் எரிமலை வெடித்ததற்கு ‘பிளினி 6.16’ என்று ஒரு நூலில் பார்த்து, நான் சொன்னபடியே இயற்கை வரலாற்றின் ஆறாம் புத்தகத்தைத் திறந்திருக்கிறார். அத்தியாயமாகவும் பார்த்தார், சிறு பிரிவாகவும் பார்த்தார். ஆசியாவின் நிலவியல்தான் வந்தது, எரிமலை வரவில்லை. இதை நான் முதல் படியிலேயே சொல்லியிருக்க வேண்டும்: பிளினி இரண்டு பேர். மூத்தவர் கி.பி. 79-இல் அந்த எரிமலை வெடிப்பின்போதே இறந்துவிட்டார். அந்தச் சாவை வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்குக் கடிதமாக எழுதியவர் அவருடைய சகோதரியின் மகன், இளைய பிளினி. நூல் ‘கடிதங்கள்’, எண் 6.16. அதைப் படித்து முடித்ததும் 6.20-க்குப் போங்கள். அன்று தானும் தாயும் மிசேனத்தில் எப்படித் தப்பினார்கள் என்று மருமகன் எழுதியது அதில் இருக்கிறது.