வாகனத்துக்குள் சிக்கியவருக்கு அம்புலன்ஸ் வரும்வரை செய்ய வேண்டியவை

வவுனியாவுக்கு வடக்கே ஓமந்தை தாண்டினால், யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி பெரும்பாலும் நேராகவே ஓடும். இருபுறமும் காடு, வயல், இடையிடையே மதகு. விடிகாலையில் சாரதி கண் அயர்ந்தால் வண்டி போய் இடிப்பது நிறுத்தி வைத்த டிப்பரின் பின்புறத்தில், இல்லாவிட்டால் மதகுக்கட்டில், இல்லாவிட்டால் வீதியோர மரத்தில். முன்பகுதி உள்ளே மடிந்து, சாரதியின் கால் பெடலுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். முதலில் ஓடி வருபவர்கள் பக்கத்துக் கடைக்காரரும் பின்னால் வந்த பட்டா (சிறு லொறி) சாரதியும்தான்.

கூடுகிறவர்கள் விடும் பிழை இரண்டு. ஒரு கூட்டம் கையில் அகப்பட்டதைப் பிடித்து இழுத்து ஓட்டோவில் மடித்துப் போடும். இன்னொரு கூட்டம், "முள்ளந்தண்டு உடைஞ்சிருக்கும், தொடாதேங்கோ" என்று சுற்றி நின்று பார்க்கும். இரண்டாவது பிழை நல்லெண்ணத்தோடு நடப்பதால் யாரும் அதைக் கண்டிப்பதில்லை. ஆனால் மூச்சு அடைபட்டவரும் இரத்தம் ஓடுகிறவரும் அந்தப் பத்து நிமிடத்தில் இறந்துபோகலாம்.

கிட்டப் போவதற்கு முன்

உங்கள் வண்டியை 30 முதல் 50 மீற்றர் தள்ளி நிறுத்தி, நான்கு சிக்னலையும் போடுங்கள். வீதியின் இரு முனைக்கும் 100 மீற்றர் அளவுக்கு ஆள் அனுப்புங்கள். இரவென்றால் கையில் ரோச், உடம்பில் வெள்ளைத் துணி. இரவில் பஸ்கள் வரும் வேகத்துக்கு, வேடிக்கை பார்க்க வீதியில் நிற்பவர்களே அடுத்த காயக்காரர் ஆகலாம்.

1990க்கு (அம்புலன்ஸ்) ஒருவர், 119க்கு (பொலிஸ்) இன்னொருவர். இரண்டு பேரும் ஒரே இலக்கத்தை அடித்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990 இலவசம், தமிழிலேயே கதைக்கலாம். எத்தனை பேர், எத்தனை பேர் உள்ளே சிக்கியிருக்கிறார்கள், யாருக்கு நினைவில்லை, எரிபொருள் கசிகிறதா என்று சொல்லுங்கள். இடத்தைச் சொல்வதில்தான் நேரம் போகும். "155ஆம் கட்டை" போன்ற ஊர்ப்பெயர்கள் பழைய மைல் கணக்கில் வந்தவை. இப்போதைய கிலோமீற்றர்க் கல்லில் இருப்பது வேறு இலக்கம். ஆகவே கல்லைப் பார்த்து வாசித்துவிட்டு, எந்த இரண்டு ஊருக்கு நடுவில், வவுனியாப் பக்கம் போகும் கரையா யாழ்ப்பாணப் பக்கம் போகும் கரையா என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்கள் விடச் சொல்லும்வரை தொடர்பைத் துண்டிக்காதீர்கள்.

மின்கம்பம் முறிந்து வயர் வண்டியில் கிடந்தால் 10 மீற்றருக்குள் யாரும் போகக் கூடாது. உள்ளே இருப்பவர்களை அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு 1987க்கு (மின்சார சபை) அடியுங்கள். வண்டி தீப்பிடித்தால் மட்டுமே அவர்கள் இறங்க வேண்டும். அப்போதும் வண்டியையும் நிலத்தையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, பாதங்களை நிலத்தோடு அரைத்தபடி தள்ளிப்போக வேண்டும்.

வண்டியை அடக்குதல்

ஹான்ட் பிறேக்கை இழுங்கள், இயந்திரத்தை நிறுத்துங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லோ விறகுக் கட்டையோ வையுங்கள். பக்கவாட்டில் கிடக்கும் வண்டிக்கு இருபுறமும் முண்டு கொடுங்கள். உள்ளே ஆள் இருக்கும்போது அதை நிமிர்த்த முயல வேண்டாம்.

பிரியஸ், அக்குவா, வெசல் போன்ற ஹைபிரிட் கார்கள் சத்தமே இல்லாமல் இயங்கும் நிலையில் இருக்கும். சத்தம் இல்லை என்பதால் நின்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பவர் பொத்தானை அழுத்தி, டாஷ்போர்ட் விளக்குகள் அணைந்ததா என்று பாருங்கள். பிறகு திறப்பை ஐந்து மீற்றருக்கு அப்பால் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடவோ வெட்டவோ கூடாது.

பற்றரியைக் கழற்றுவதென்றால் அதற்கு முன் யன்னல் கண்ணாடிகளை இறக்கி, கதவுப் பூட்டுகளைத் திறந்து, பவர் சீற் என்றால் அதையும் பின்னால் தள்ளிவிட வேண்டும். அவசரத்தில் முதலில் வயரைப் பிடுங்கினால் பிறகு இவை ஒன்றும் வேலை செய்யாது. கழற்றும்போது மைனஸ் முனை முதலில். வெடிக்காத எயார்பாக் பற்றரி போன பிறகும் சிறிது நேரம் மின்னைத் தேக்கி வைத்திருக்கும். ஸ்டியரிங்கிலிருந்து 25 சென்ரிமீற்றருக்குள்ளும், முன் பயணியின் டாஷ்போர்டிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள்ளும் உங்கள் தலையோ அலவாங்கோ இருக்க வேண்டாம்.

கண்ணாடி உடைக்கும் முன் எல்லாக் கதவையும் பின் கதவையும் இழுத்துப் பாருங்கள். ஆள் சிக்கிய கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கையில் மறுபக்கக் கதவு சும்மாவே திறக்கும். உடைக்கத்தான் வேண்டுமென்றால், சிக்கியவருக்கு மிகத் தூரமான பக்கக் கண்ணாடியின் மூலையில் கூர்மையான இரும்பால் அடியுங்கள். முன் கண்ணாடி இரண்டு தகட்டுக்கு நடுவில் பிளாஸ்ரிக் வைத்து ஒட்டியது. அடித்தால் வெடிப்பு விடும், திறக்காது.

மூச்சும் இரத்தமும்

உள்ளே போகிறவர் ஒருவர், அதிகம் போனால் இருவர். மற்றவர்கள் வெளியே நின்று, ஒரே ஒருவரின் சொல்லைக் கேட்க வேண்டும்.

பெரிதாக ஓடும் இரத்தம் கண்ணில் பட்டால் அதுதான் முதல் வேலை. கறுப்புக் காற்சட்டையில் இரத்தம் தெரியாது. கையில் பொலித்தீன் பையை மாட்டிக்கொண்டு தொடையின் அடிப்பக்கம், முதுகு, சீற்றின் கீழ் எல்லாம் தடவிப் பாருங்கள். காயம் கண்டால் சுத்தமான துணியைக் காயத்துக்குள்ளேயே அடைத்து, உடம்புப் பாரத்தைப் போட்டுப் பத்து நிமிடம் அமத்துங்கள். இடையில் எடுத்துப் பார்த்தால் கட்டிய உறைவு கழன்றுவிடும். குத்தி நிற்கும் கம்பியையோ கண்ணாடித் துண்டையோ பிடுங்காமல், சுற்றிவரத் துணி அடுக்கி அசையாமல் செய்யுங்கள்.

கை, கால் காயத்தில் அமத்தியும் நிற்காவிட்டால், அல்லது அமத்த இடமே இல்லாவிட்டால், முறுக்குக்கட்டு போட வேண்டும். சாரத்தில் நீளமாக ஒரு துண்டு கிழித்து 4, 5 சென்ரிமீற்றர் அகலத்துக்கு மடியுங்கள். காயத்துக்கு 5 முதல் 7 சென்ரிமீற்றர் மேலே சுற்றுங்கள். முழங்கால், முழங்கை மூட்டின் மேல் வரக் கூடாது. அரை முடிச்சுப் போட்டு அதன்மேல் ஒரு ஸ்பானரையோ உறுதியான தடியையோ வைத்து, முழு முடிச்சுப் போட்டு முறுக்குங்கள். இரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். அவர் வலியில் கத்துவார். கத்துகிறார் என்று பாதியில் நிறுத்தினால் இதயத்துக்குத் திரும்பும் நாளம் மட்டும் அடைபட்டு, இதயத்திலிருந்து வரும் நாடி ஓடிக்கொண்டே இருக்கும். இரத்தப்போக்கு இன்னும் கூடும். தடியின் முனையைக் கட்டிவிட்டு, போட்ட நேரத்தை நெற்றியில் பேனையால் எழுதுங்கள். வைத்தியசாலை வரை தளர்த்த வேண்டாம். கம்பி, நைலோன் கயிறு, சப்பாத்து நாடா வேண்டாம். அவை தசையை அறுக்குமே தவிர இரத்தத்தை நிறுத்தாது.

அடுத்தது தலை. மயங்கியவரின் மோவாய் நெஞ்சில் முட்டித் தொங்கினால் மூச்சுப் பாதை அடைபட்டுவிடும். குறட்டை போலச் சத்தம் வந்தால் அது நித்திரை அல்ல, பாதி அடைப்பு. பின் சீற்றில் ஏறி, தலையணை லேசாகக் கழலுமென்றால் கழற்றி, முழங்கைகளைச் சீற்றின் தோளில் ஊன்றுங்கள். காதை மூடாமல் தலையின் இருபுறமும் பிடித்து, முகம் நேரே பார்க்கும்வரை மெதுவாக நிமிர்த்துங்கள். விரல்களைக் காதுக்குக் கீழே தாடையின் மூலையில் வைத்து முன்னுக்குத் தள்ளுங்கள். குறட்டை நின்று காற்று ஓடும் சத்தம் வரும். நிமிர்த்தும்போது கழுத்து இறுகினாலோ வலி கூடினாலோ அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இந்தக் கைகள் இனி விடக் கூடாது. களைத்தால் ஆள் மாற வேண்டும்.

நினைவோடு வாயில் இரத்தம் வருகிறவரை முன்னால் சாயவிடுங்கள், வழிந்து வெளியே போகட்டும். நெஞ்சில் காற்று இழுக்கும் ஓட்டை இருந்தால் பொலித்தீன் வைத்து இறுக்க ஒட்டாமல் திறந்தே விடுங்கள். அடைத்தால் உள்ளே தேங்கும் காற்று நுரையீரலை நசுக்கும்.

சோடாவும் தண்ணீரும் எவ்வளவு கேட்டாலும் கொடுக்க வேண்டாம். சத்திரசிகிச்சைக்குப் போகக்கூடியவர். முகத்தில் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். இரத்தம் இழந்த உடம்பு வன்னி வெயிலிலும் குளிர்ந்துபோகும், குளிர்ந்தால் இரத்தம் சரியாக உறையாது. மேலே தறப்பாளால் நிழல் கட்டி, உடம்பைத் துவாயால் மூடுங்கள்.

தானாக இறங்க முடியுமா?

எல்லாரையும் கழுத்துப் பட்டி போட்டுப் பலகையில்தான் எடுக்க வேண்டும் என்பது பழைய பாடம். பிரித்தானியாவில் அண்மை ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் அதை மாற்றிவிட்டன. சிக்கியவர்களில் முண்ணாணில் (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டில்) காயப்பட்டவர்கள் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு. பிறர் தூக்கி எடுக்கும்போது அசைவதைவிட, தானாக இறங்கும்போது முதுகு குறைவாகவே அசைகிறது.

சொன்னது விளங்குகிறதா, ஒரு காலிலாவது நிற்க முடியுமா, இடுப்பில் கடும் வலி இல்லையா, ஒன்றும் குத்தி நிற்கவில்லையா? இந்த நான்கும் சரியென்றால் இறங்கச் சொல்லலாம். "அண்ணை, தலையை நேர வைச்சுக்கொள்ளுங்கோ. கால் விரலை ஆட்டிப் பாருங்கோ. இப்ப ஒரு காலை வெளியில வையுங்கோ, சீற்றைப் பிடிச்சு மெல்லமா எழும்புங்கோ. நோ கூடினால் உடனே நிப்பாட்டுங்கோ." இறங்கி இரண்டடி வைத்ததும் படுக்க வையுங்கள்.

தலைகீழாகப் பெல்ட்டில் தொங்குபவருக்கு மட்டும் கவனம் வேண்டும். தோளையும் இடுப்பையும் இருவர் தாங்காமல் பெல்ட்டை வெட்டினால் முழுப் பாரத்தோடு தலையில் விழுவார்.

கால் மாட்டியிருந்தால்

இழுக்க வேண்டாம், இடம் உண்டாக்குங்கள். சீற்றைப் பின்னால் தள்ளுங்கள், முதுகைச் சாயுங்கள், ஸ்டியரிங்கை மேலே உயர்த்துங்கள். சப்பாத்து நாடாவை வெட்டினாலே கழலும் கால்கள் பல. பிறேக் பெடல் பாதத்தை அமத்தியிருந்தால், பெடல் தண்டில் கயிறு கட்டி, மறு முனையைப் பாதி மூடிய கதவின் சட்டத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு, கதவை மெதுவாக முழுதும் திறவுங்கள். கதவே நெம்புகோலாகி பெடலைப் பக்கவாட்டில் வளைக்கும். ஒருவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெடல் வளையும் திசை பாதத்தை விட்டு விலகுவதாக இருக்கட்டும்.

உழவு இயந்திரத்தில் சங்கிலி கட்டி முன்பகுதியை இழுக்கும் வழக்கம் ஆபத்தானது. வண்டி திடீரென்று துள்ளும், சங்கிலி அறுந்தால் கூட்டத்துக்குள் பாயும்.

தீ பற்றினாலோ மூச்சு நின்றாலோ மேலே சொன்ன நிதானம் எதுவும் இல்லை. பின்னாலிருந்து இரு அக்குளுக்கு அடியாலும் கையை விட்டு, அவருடைய ஒரு முன்கையை நெஞ்சுக்குக் குறுக்காக மடித்து இரு கையாலும் பற்றி, பின்னோக்கி இழுத்து வெளியே கிடத்துங்கள். சீற்றில் இருத்தி நெஞ்சை அமத்திப் பயனில்லை. தரையில் நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை.

கவிழ்ந்த உழவு இயந்திரத்தின் கீழ்

வரம்பிலோ வாய்க்காலிலோ லாண்ட்மாஸ்டரோ (இரு சக்கர உழவு இயந்திரம்) பெரிய உழவு இயந்திரமோ கவிழ்ந்து நெஞ்சில் பாரம் இருந்தால், விலா விரிய முடியாமல் சில நிமிடத்தில் மூச்சு நிற்கும். இயந்திரத்தை நிறுத்தி, ஜக் வைத்து உயர்த்துங்கள். சேற்றில் ஜக் புதையும், அடியில் தடித்த பலகை போடுங்கள். உயர்ந்த ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு கட்டையை அடியில் சொருகிக்கொண்டே போக வேண்டும். சொருகாமல் உயர்த்தினால், ஜக் வழுக்கும்போது இரண்டாம் தரம் நசியும்.

தொடையோ காலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் நசிந்து கிடந்திருந்தால் விடுவிக்கும் கணமே ஆபத்தான கணம். செத்த தசையிலிருந்து பொற்றாசியம் இரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்தக்கூடும். அம்புலன்ஸ்காரர் அருகில் வந்துவிட்டார் என்றால் முதலில் சேலைன் ஏற்றிவிட்டுப் பாரத்தை எடுக்கட்டும். ஆள் இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டாம், எடுங்கள்.

கையளிக்கும்போது

இடுப்பு நோகிறவருக்கு மடித்த சாரத்தைத் தொடையின் மேல்முனை எலும்பு புடைக்கும் மட்டத்தில் இறுக்கிச் சுற்றுங்கள். பெல்ட் கட்டும் இடுப்பில் அல்ல. கர்ப்பிணியை இடப்பக்கம் சற்றுச் சரித்துக் கிடத்துங்கள், வயிறு பெருநாளத்தை அமத்தாமல் இருக்கும்.

அம்புலன்ஸ் வந்ததும் ஒரே ஒருவர் கதைக்க வேண்டும்: அடிபட்ட நேரம், எவ்வளவு நேரம் சிக்கியிருந்தார், எப்போது நினைவு போனது, முறுக்குக்கட்டு போட்ட நேரம், என்ன மருந்து எடுப்பவர். பின் சீற்றில் குழந்தை இருந்ததா என்று கேட்டு, வீதியோரப் பற்றைக்குள்ளும் ரோச் அடித்துப் பாருங்கள். வெளியே வீசப்பட்டவர்கள் கிடப்பது அங்கேதான்.