கிராமத்துல பப் எடுத்து சமைக்கணும்னு ஆசையா? எங்க ஆரம்பிக்கணும்னா

இங்கிலாந்துல கிச்சன் வேலை பாக்குற நிறைய பேருக்கு லண்டனை விட்டுட்டு கிராமத்துல ஒரு பப் (பீரும் சாப்பாடும் கிடைக்கிற ஊர்க்கடை) எடுத்து சொந்தமா சமைக்கணும்னு ஆசை இருக்கும். நீங்களும் அப்படின்னா முதல்ல கென்ட் மாவட்டத்துல சீசால்டர் கடலோரம் இருக்குற தி ஸ்போர்ட்ஸ்மேன் பப்பைப் பத்தி தெரிஞ்சுக்கங்க. 1999ல அதை எடுத்த ஸ்டீபன் ஹாரிஸ் கேட்டரிங் படிச்சவரே இல்ல, லண்டன்ல பெரிய ரெஸ்டாரன்ட்ல சாப்பிட்டு வந்து அதையே வீட்டுல திரும்பத் திரும்ப செஞ்சு பாத்து கத்துக்கிட்டவர். 2008ல மிஷ்லின் ஸ்டார் வாங்கினாரு, நல்ல சமையலுக்கு மிஷ்லின் கைடு குடுக்குற பெரிய அங்கீகாரம் அது.

லீஸ்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி நல்லா படிங்க. பப் பீர் கம்பெனிக்கு சொந்தமா இருந்தா பெரும்பாலும் பீரை அவங்ககிட்டதான் அவங்க சொல்ற விலைக்கு வாங்கணும், அதனால லாபம் சாப்பாட்டுல வருமான்னு கணக்கு போட்டுக்கங்க.

அப்புறம் மெனு எழுதாதீங்க, நடங்க. சுத்தி யாரு ஆடு வளக்குறாங்க, படகுல என்ன மீன் வருது, சதுப்புல என்ன முளைக்குதுன்னு பாருங்க. சீசால்டர்ல முன்னாடி கடல், பின்னாடி ஆடு மேயுற உப்பு சதுப்பு, பக்கத்துலயே சிப்பிக்கு பேர் போன விட்ஸ்டபிள், மெனு அங்கேருந்துதான் வந்துச்சு.

உப்பைக் கூட ஹாரிஸ் கடல் தண்ணிலேருந்து எடுக்குறாரு. நீங்களும் செய்யலாம். மழை பெஞ்சா ரெண்டு நாளைக்காவது தண்ணி எடுக்காதீங்க, சாக்கடை கலந்திருக்கலாம். மெல்லிசு துணில வடிகட்டி அகலமான பாத்திரத்துல கொதிக்க விடுங்க, உப்பு படிய ஆரம்பிச்சதும் தீயைக் குறைச்சு அள்ளி காய வைங்க. 10 லிட்டர்ல சுமார் 350 கிராம் உப்பு இருக்கும், ஆனா கைக்கு வர்றது அதை விட கம்மிதான். அடுத்து வெண்ணெய், கிரீமை லேசா புளிக்க வச்சு கடைஞ்சு, மோரைப் பிழிஞ்சு எடுத்துட்டு ஐஸ் தண்ணில அலசி இந்த உப்பைச் சேருங்க.

விலை ஏத்தலாம்னு பப்பை ஹோட்டலா மாத்திடாதீங்க, எனக்கு இது ரொம்ப முக்கியமா படுது. ஸ்டார் வாங்கின பிறகும் ஸ்போர்ட்ஸ்மேன்ல பல வருஷம் மெனு கரும்பலகையிலதான் இருந்துச்சு, ஆர்டர் பார்ல போய் சொல்லணும். மார்லோங்கிற ஊர்ல செஃப் டாம் கெரிட்ஜ் 2005ல ஆரம்பிச்ச ஹேண்ட் அண்ட் ஃபிளவர்ஸ்தான் ரெண்டு மிஷ்லின் ஸ்டார் வாங்கின முதல் பப், அங்கயும் பேரு பப்தான்.

முதல் டிஷ்ஷா ஸ்போர்ட்ஸ்மேனோட பேர் போன மீனையே செஞ்சு பழகுங்க. கடல்பாசியைக் காய வச்சு பொடிச்சு அந்த வெண்ணெய்ல பிசைஞ்சு, சின்ன சோல் மீன் (தட்டையான கடல் மீன்) மேல தாராளமா தடவி கிரில்ல அஞ்சு நிமிஷம் போல வைங்க. சாஸ் எதுவும் வேண்டாம், தட்டுல உருகி நிக்குற வெண்ணெயைத் தொட்டுக்க ரெண்டு துண்டு பிரெட் வைங்க.