பரிசாக வந்த ஆர்க்கிட் தொட்டியைப் பிரித்துக் காப்பாற்றுவது எப்படி?

எங்கள் வீட்டுப் பால்காய்ச்சுக்குப் புனலூர் மைனி ஒரு பீங்கான் தொட்டியை மடியிலேயே வைத்து, ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். நடுவில் வெள்ளை பலனாப்சிஸ் ஆர்க்கிட், பக்கத்தில் பீஸ் லில்லி, ஓரத்தில் மணிபிளாண்ட், மேலே பச்சைப் பாசி. லில்லி வாடித் தொங்கும்போதெல்லாம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். லில்லி நிமிர்ந்தது. ஆர்க்கிட் இலைகள் தோல் சுருங்கித் தொங்கின. தாகம் என்று நினைத்து இன்னொரு செம்பு ஊற்றினேன். அங்கேதான் கெட்டது.

லில்லிக்கு மண்ணில் ஈரம் வேண்டும். ஆர்க்கிட் மரத்தில் தொற்றி வளர்கிற சாதி, வேருக்குக் காற்று வேண்டும். எங்கள் மாமியார் அதைப் புல்லுருவி என்பார்கள். புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும், இது மரத்தை இருக்கையாக மட்டும் வைத்துக்கொள்ளும். மைனி ஊர்க்காரர்கள் மரவாழை என்கிறார்கள், அதுவே பொருத்தம்.

1. பிரியுங்கள். பாசியை எடுத்தால் உள்ளே ஒவ்வொரு செடியும் தனித்தனி பிளாஸ்டிக் கப்பில் இருக்கும். தூக்கினால் வந்துவிடும். பீங்கான் தொட்டிக்கு அடியில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் இல்லை, இரண்டு விரற்கடை நாற்றத் தண்ணீர் நின்றது. லில்லியும் மணிபிளாண்டும் துளையுள்ள தொட்டியில் சாதாரண மண் கலவையில் போகட்டும். பூனை வளர்ப்பவர்கள் அந்த இரண்டையும் எட்டாத இடத்தில் வையுங்கள், கடித்தால் வாய் எரியும்.

2. வேரைப் பாருங்கள். நான் சறுக்கியது இதில்தான். மேலே இருந்த மரப்பட்டைத் துண்டுகளை உதறிவிட்டு, வேலை முடிந்தது என்று திரும்ப நட்டுவிட்டேன். பத்து நாளில் இன்னும் மோசம். மறுபடி எடுத்துப் பார்த்தால், வேர்களுக்கு நடுவே எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு பாசி உருண்டை, நாற்றுப் பருவத்தில் வைத்தது. வெளியே காய்ந்திருந்தாலும் அது மட்டும் பிழிந்தால் சொட்டியது. விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து எடுத்துவிடுங்கள்.

பிறகு ஒவ்வொரு வேரையும் அமுக்குங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழவென்று தோல் கழன்று நூல் மட்டும் நின்றால், தீயில் காட்டிய கத்தரியால் வெட்டிவிடுங்கள். வெட்டுவாயில் மட்டும் சமையலுக்குப் போடும் லவங்கப்பட்டைத் தூள், நல்ல வேரில் படக்கூடாது, காய்ந்துபோகும். எனக்கு மிஞ்சியது நாலு வேர்.

3. நடுதல். தேங்காய் நார்க்கழிவுக் கட்டி வாங்காதீர்கள், கரைந்து சேறாகி வேரை மூச்சுமுட்ட வைக்கும். நம் பக்கம் கதம்பைக்கா (தேங்காய் உரிமட்டை) பஞ்சம்? கட்டைவிரல் அளவு துண்டுகளாக வெட்டி, தினம் தண்ணீர் மாற்றி நாலைந்து நாள் ஊறவைத்து, சம அளவு அடுப்புக்கரியோடு கலந்தால் போதும். தொட்டிக்கு என் தேர்வு, கண்ணாடி போல இருக்கும் காலி முறுக்கு டப்பா. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அடியிலும் பக்கத்திலும் நிறையத் துளை போடுங்கள். வேர் வெளியே தெரியும், அதுதான் வசதி. நட்டபின் மூன்று நாள் தண்ணீர் வேண்டாம்.

4. தண்ணீர். கிழமைக் கணக்கு வேண்டாம். வேர் வெள்ளிச் சாம்பல் நிறமானால் ஊற்றுங்கள், பச்சையாக இருந்தால் விடுங்கள். பங்குனி வெயிலில் எனக்கு நாலு நாளுக்கு ஒருமுறை. ஆனி, ஆடிச் சாரலில் பத்து நாள்கூட ஆகிறது. குருத்தில் தண்ணீர் தங்கினால் துணி முனையால் ஒற்றி எடுங்கள், அங்கே அழுகினால் செடியே போய்விடும். வெளிச்சத்துக்குக் கிழக்கு ஜன்னல். உரம், உரக்கடையில் கிடைக்கும் 19-19-19, ஒரு லிட்டருக்கு அரை கிராம், மாதம் இரண்டு முறை.

மார்கழிக் குளிருக்குப் பிறகு இலையடியில் ஒரு முனை நீட்டியது. வேரா, பூந்தண்டா என்று ஒரு வாரம் குழம்பினேன். நுனி மழுங்கி இருந்தால் வேர், கையுறை போட்ட விரல் மாதிரி மடிந்து இருந்தால் பூந்தண்டு.

பிறகு சேர்த்தது: பூ இருக்கும்போதே பிரிக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். வேர் நன்றாக இருந்தால் கப்போடு வெளியே எடுத்து வையுங்கள், பூ முடிந்தபின் நடலாம். அழுகல் தெரிந்தால் காத்திருக்காதீர்கள். தண்டை வெட்டித் தண்ணீர்க் குப்பியில் வைத்தால் பூ அங்கேயும் பல நாள் நிற்கும். செடி அந்தப் பாரம் இல்லாமல் வேர் விடட்டும்.