பழைய ஆசிலோஸ்கோப்பில் திரை தெரியாவிட்டால் எங்கிருந்து தொடங்குவது

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில், விசைப்படகுகளில் கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர்களைப் பழுதுபார்க்கும் எங்கள் பட்டறையில் மின்னலைகளைத் திரையில் வரைந்து காட்டும் கருவியான ஆசிலோஸ்கோப் ஒன்று உள்ளது; டெக்ட்ரானிக்ஸ் டிடிஎஸ் 210 என்ற பழைய எல்சிடி மாடல். அதன் திரை இருண்டபோது, திரையையே மாற்ற வேண்டும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் இத்தகைய கருவிகளில் திரையின் கண்ணாடி கெடுவதைவிட அதைச் சுற்றியுள்ளவை கெடுவதே அதிகம்.

மூடியைக் கழற்றும் முன், இருட்டறையில் கருவியை இயக்கி, திரையின் மீது டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகக் கட்டங்கள் தெரிந்தால், படம் சரியாகவே உருவாகிறது, திரைக்குப் பின்னிருந்து வெளிச்சம் தரும் பின்னொளிதான் எரியவில்லை. ஒன்றும் தெரியாவிட்டால், முகப்பில் புரோபைச் சரிபார்ப்பதற்காக உள்ள புரோப் காம்ப் முனையை மல்டிமீட்டரின் டிசி அளவில் தொட்டுப் பாருங்கள். 5 வோல்ட் சதுர அலை அங்கே வந்தால் ஏறத்தாழ 2.5 வோல்ட் காட்டும். அதுவும் இல்லையென்றால் பவர் சப்ளையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இனி மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுத் திறக்கலாம். 230 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் பவர் சப்ளையின் பெரிய கப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் தேங்கியிருக்கும் என்பதால், சில நிமிடங்கள் காத்திருந்து, அளந்து பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். பிக்சர் டியூப் உள்ள மாடல்களில் பல ஆயிரம் வோல்ட் இருக்கும். புதியவர்கள் அவற்றைத் திறக்கவே வேண்டாம்.

பின்னொளிக் குழலின் முனைகள் கறுத்திருந்தால் அதே நீளமுள்ள குழலை மாற்றுங்கள். கறுக்காவிட்டால், கருவியை மீண்டும் இயக்கி, குழலுக்கு உயர் மின்னழுத்தம் தரும் இன்வெர்ட்டருக்குள் நுழையும் டிசி மின்னழுத்தத்தை மட்டும் அளந்து பாருங்கள். வெளியேறும் பக்கத்தில் பல நூறு வோல்ட் இருப்பதால் சாதாரண மல்டிமீட்டரை அங்கே வைக்கக் கூடாது.

எங்கள் கருவியில் குழலும் இன்வெர்ட்டரும் நன்றாகவே இருந்தன. இன்வெர்ட்டருக்கு மின்சாரம் கொண்டு வரும் இணைப்பியைக் கழற்றி, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, இரண்டே ஊசிகளின் அடியில் பச்சைக் களிம்பு மெல்லிய வளையமாகப் படிந்திருந்தது. உப்புக்காற்று உள்ள ஊரில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்தூரிகையால் துடைத்து, முழுவதும் உலர்ந்த பின் இணைப்பியை இரண்டு மூன்று முறை செருகி எடுத்தால் போதும். அழிரப்பரால் தேய்க்கும் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு; அதனால் மேல்முலாம் தேய்ந்து, அடுத்த ஐப்பசி ஈரத்திலேயே களிம்பு திரும்பிவிடும்.

திரையில் கோடுகள் மட்டும் விடுபட்டால், ரிப்பன் கேபிளின் முனைகளையும் இவ்வாறே துடைக்கலாம். கண்ணாடியின் ஓரத்தை இலேசாக அழுத்தும்போது கோடு வந்து போனால், அங்குள்ள ஒட்டு விட்டுவிட்டது என்று பொருள். அதைச் சூடாக்கி ஒட்ட முயல்வதைவிட, வேறு பழைய கருவியிலிருந்து திரையை எடுத்துப் பொருத்துவதே நல்லது.