கணையக் கட்டிக்கு ஊசி பயாப்ஸி: நம் பக்கம் நடக்கும் தவறுகள்

“கட்டியில ஊசி பட்டா கலைஞ்சு பரவிடும்.” பெரியப்பாவுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்து, டாக்டர் பயாப்ஸி (ஊசியால் கட்டியிலிருந்து துளி திசு எடுத்துப் புற்றா என்று பார்ப்பது) என்றதும் மன்னார்குடி வீட்டில் எல்லோரும் சொன்னது இதுதான். அதற்கு முன்பே, மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தே மூன்று வாரம் போயிருந்தது. அப்புறம், சம்பா அறுவடை முடியட்டும் என்று இன்னும் தள்ளிப்போட்டோம். வலியே இல்லாமல் காமாலை வந்து, உடம்பு அரித்து, மலம் வெளுத்துப் போனால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஊசியால் பரவும் பயத்துக்கு வருவோம். கணையம் இரைப்பைக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிறது. அதனால் பெரும்பாலும் வயிற்றுத் தோலில் குத்துவதில்லை. நுனியில் அல்ட்ராசவுண்ட் உள்ள எண்டோஸ்கோப் குழாயை வாய்வழியாக இறக்கி, இரைப்பை அல்லது முன்சிறுகுடல் சுவர் வழியே மெல்லிய ஊசியைச் செலுத்துகிறார்கள். ஊசித் தடத்தில் புற்று பரவுவது மிக அரிது. கணையத்தின் தலைப்பகுதிக் கட்டி என்றால், ஊசி போன முன்சிறுகுடல் பகுதியையும் ஆபரேஷனில் சேர்த்தே எடுத்துவிடுவார்கள்.

இதைவிடப் பெரிய தவறு, ரிப்போர்ட்டில் ‘புற்றுசெல் இல்லை’ என்று பார்த்ததும் நிம்மதியாகி, வைத்தீஸ்வரன் கோயில் நேர்த்திக்கடனை முடித்துவிட்டு மருத்துவமனையை மறந்துவிடுவது. கணையப் புற்றில் கட்டியைச் சுற்றி நார்த்திசு கெட்டியாக மண்டிக் கிடக்கும். ஊசியில் அது மட்டுமே சிக்கியிருக்கலாம். சி.டி. ஸ்கேனில் சந்தேகம் இருந்தால் மறுபடி பயாப்ஸி எடுக்கத்தான் வேண்டும். மறுபடி ஊசியா என்று டாக்டரிடம் சண்டை போடாதீர்கள்.

கணையப் புற்றில் ஏறக்கூடிய சிஏ 19-9 என்ற பொருளின் ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவுகட்டுவதும் தவறு. பித்தநாளம் அடைபட்டாலே அது ஏறும். எல்லோருக்கும் பயாப்ஸி தேவை என்பதும் இல்லை. ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்து, கட்டியை எடுக்கவும் முடியும் என்றால் நேரே ஆபரேஷனுக்குப் போவதுண்டு. கீமோ முதலில் என்றால் பயாப்ஸி முடிவு அவசியம். காமாலைக்கு ஸ்டென்ட் (அடைபட்ட பித்தநாளத்தைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைக்கும் முன்பே சி.டி. எடுத்துவிட முடியுமா என்று கேளுங்கள், ஸ்டென்ட் வைத்த பின் படம் குழம்பும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். பயாப்ஸி முடிந்த அன்று தஞ்சாவூரிலோ திருச்சியிலோ இரவு தங்கிவிடுங்கள். வயிறு கடுமையாக வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ விடியும்வரை காத்திராமல் அதே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.