எல்இடி எரிந்தும் இருட்டு: கடுங்குளிரில் வீட்டுக்குள் அகச்சிவப்புப் படம் எடுப்பது எப்படி

கனடாவின் வின்னிபெக்கில் ஜனவரி மாதம் மைனஸ் 30 என்றால் யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. ஆனால் அந்தக் குளிரில் கையுறையைக் கழற்றிக் கேமராவின் பொத்தானைத் தொட்டால் இரண்டு நிமிடத்தில் விரல் மரத்துப்போகும், மரங்களிலோ ஒரு இலைகூட இருக்காது. வெள்ளை வெளேரென்று ஒளிரும் இலைகளுக்காகத்தான் பெரும்பாலோர் அகச்சிவப்புப் படம் எடுக்கவே வருகிறார்கள் என்பதால், இலை உதிர்ந்ததும், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் விடும் ஃபில்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு மே மாதம்தான் வெளியே எடுப்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். அப்புறம் ஒருநாள் சன்னலோரம் தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலைச் செடி கண்ணில் பட்டது. பச்சை இலை வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது எதற்கு மே மாதம் வரை காத்திருப்பது?

அன்று மாலையே அறையின் எல்லா விளக்கையும் போட்டு, முக்காலியில் கேமராவை வைத்து, 720 நானோமீட்டர் ஃபில்டரை மாட்டி, 30 விநாடி எடுத்தேன். படம் முழுக்கக் கறுப்பு. ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை ஏற்றி இரண்டு நிமிடம் திறந்து வைத்தேன், வெறும் புள்ளிப் புள்ளியாக இரைச்சல்தான் வந்தது. கேமரா கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். பரணில் கிடந்த பழைய 60 வாட் குண்டு பல்பை மேசை விளக்கில் மாட்டிச் செடிக்கு அரை மீட்டர் தள்ளி வைத்ததும்தான் விஷயம் புரிந்தது. இலைகள் பால் போல வந்தன. கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. எல்இடி மட்டும் எரியும் வீடு அகச்சிவப்பில் ஏறக்குறைய இருட்டு வீடுதான்.

அதனால் குளிர்காலத்தில் வீட்டுக்குள் இதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் விளக்கைத் தேடுங்கள், கேமராவைப் பற்றிப் பிறகு கவலைப்படலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். "சன்னல் இடுக்கில் குளிர்காற்று எங்கே வருகிறது என்று இதில் தெரியுமா?" தெரியாது. நம் கண் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியைப் பார்க்கிறது. சாதாரண கேமராவின் சிலிக்கான் சென்சார் 1100 வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே பார்க்கும். நாம் எடுப்பது இந்த 700க்கும் 1100க்கும் நடுவில் உள்ள அண்மை அகச்சிவப்பு. மனித உடம்பின் வெப்பம் வெளிவிடும் கதிரின் உச்சமோ 9,000 நானோமீட்டருக்கு மேல். அதைப் பார்க்க ஜெர்மானியம் லென்ஸ் போட்ட வெப்பக் கேமரா வேண்டும், அது வேறு கருவி. 1800ல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் பட்டகத்தில் பிரிந்த சூரிய ஒளியில், சிவப்புக்கு அப்பால் வெறுமையாகத் தெரிந்த இடத்தில் வெப்பமானியை வைத்தபோது அங்கேதான் சூடு அதிகம் என்று கண்டார். அதனாலேயோ என்னவோ அகச்சிவப்பு என்றாலே சூடு என்று மனதில் பதிந்துவிட்டது. நம் படத்தில் தெரிவது பெரும்பாலும் பொருளிலிருந்து திரும்பி வரும் ஒளிதான். அதனால் ஒளி கொடுக்க ஏதாவது ஒன்று வேண்டும்.

எது கொடுக்கும்? வெயில்தான் முதல். குளிர்காலத்தில் இது நமக்குச் சாதகம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. இங்கே மிகக் குளிர்ந்த நாட்கள் பெரும்பாலும் மேகமே இல்லாத நாட்கள். டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 17 டிகிரிகூட ஏறாது, அதனால் தெற்குச் சன்னல் வழியாக வெயில் அறையின் பின்சுவர் வரை நீளமாக வந்து விழும். கோடையில் இந்தக் கோணம் கிடைக்கவே கிடைக்காது. ஜனவரியில் பகல் பன்னிரண்டு நாற்பது சுமாருக்குச் சூரியன் உச்சத்தில் இருக்கும், அதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும்தான் என் வேலை நேரம்.

ஆனால் சன்னல் கண்ணாடியைச் சோதித்துக்கொள்ளுங்கள். குளிர்நாட்டு இரட்டைக் கண்ணாடிகளில் வெப்பம் வெளியேறாமல் இருக்க லோ-ஈ என்ற கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு இருக்கும். அதில் சில வகை, அண்மை அகச்சிவப்பையும் பெருமளவு திருப்பி அனுப்பிவிடும். இரவில் அறையை இருட்டாக்கிக் கண்ணாடி முன்னால் ஒரு தீக்குச்சிச் சுடரைப் பிடித்தால், கண்ணாடியின் ஒவ்வொரு பரப்புக்கும் ஒன்றாகப் பிம்பங்கள் வரிசையாகத் தெரியும். அதில் ஒன்று மட்டும் நிறம் மாறித் தெரிந்தால் பூச்சு இருக்கிறது என்று அர்த்தம். திரைச்சீலையை ஒதுக்கிவிட்டுச் செய்யுங்கள். பூச்சு இருந்தாலும் படம் எடுக்கலாம், நேரம் கூட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

வெயில் இல்லாத நேரத்துக்குக் குண்டு பல்பைவிட மலிவான விளக்கு இல்லை. அதன் இழை சுமார் 2,800 கெல்வினில் எரிவதால் உமிழ்வின் உச்சமே 1,000 நானோமீட்டரை ஒட்டி விழுகிறது. வீட்டு விளக்காக அது வீணடிக்கும் மின்சாரம்தான் நமக்கு வேண்டிய சரக்கு. கனடாவில் 2014 முதல் இந்தப் பல்புகளை வீட்டு விளக்குக்கு விற்பதைப் படிப்படியாக நிறுத்தினார்கள். ஆனால் ஓவன் அடுப்புக்குள் போடும் சிறிய பல்பு, ஹாலஜன் விளக்கு, கோழிக்குஞ்சுகளுக்குக் கதகதப்பு கொடுக்கும் 250 வாட் சிவப்பு விளக்கு எல்லாம் அதே வேலையைச் செய்யும். இந்த 250 வாட் விளக்கைப் பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டாதீர்கள். பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும், திரைச்சீலை, போர்வை, உலர்ந்த இலை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கேமராவின் ஃபிளாஷும் நல்ல மூலம், செனான் குழாயில் அண்மை அகச்சிவப்பு நிறையவே உண்டு. 1940களில் நியூயார்க்கின் புகைப்படக்காரர் வீஜீ இருட்டுத் திரையரங்குகளுக்குள் யாருக்கும் தெரியாமல் அகச்சிவப்பு ஃபிளாஷில் படம் எடுத்தார். இன்று அப்படி எடுத்தால் தவறு, வீட்டில் உள்ளவர்களைக்கூடக் கேட்டுவிட்டே எடுங்கள்.

பாதுகாப்புக் கேமராக்களுக்கு விற்கும் 850 நானோமீட்டர் எல்இடி விளக்கும் அருமையாக வேலை செய்யும். மங்கலான சிவப்புப் புள்ளியாக மட்டும் தெரிகிறதே என்று அருகே போய் உற்றுப் பார்க்காதீர்கள். கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியாததால் கண் கூசாது, கண்மணியும் சுருங்காது, கதிர் முழுக்க உள்ளே போகும்.

சரி, கேமராவுக்கு வருவோம். டிவி ரிமோட்டைக் கேமரா முன் பிடித்துப் பொத்தானை அழுத்தி, திரையில் பாருங்கள். ரிமோட்டின் நுனி ஊதாவாகவோ வெள்ளையாகவோ மின்னினால் கேமரா கொஞ்சமாவது அகச்சிவப்பைப் பார்க்கிறது. ஏறக்குறைய எல்லா டிஜிட்டல் கேமராவிலும் சென்சாருக்கு முன் அகச்சிவப்பைத் தடுக்கும் ஒரு கண்ணாடி உண்டு, அது எவ்வளவு கறாரானது என்பதில்தான் வித்தியாசம். நிக்கான் டி70 போன்ற பழைய மாடல்களில் அது தளர்வானது, அதனால் பழைய கேமரா மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள். அதிகச் செலவு வேண்டாம் என்றால் ராஸ்பெரி பை கணினிக்கு 2013 முதல் விற்கும் நோஐஆர் கேமரா போதும், அதில் அந்தத் தடுப்புக் கண்ணாடியே கிடையாது. பழைய வெப்கேமில் லென்ஸைத் திருகிக் கழற்றினால் பின்பக்கம் சிறு சதுரக் கண்ணாடி, சாய்த்துப் பார்த்தால் இளஞ்சிவப்பாகப் பளபளக்கும். அதை எடுத்துவிட்டு, வெளிச்சம் பட்டுக் கழுவிய கலர் நெகட்டிவின் கறுத்த முனைத் துண்டை இரண்டாக மடித்து வைத்தால் ஃபில்டர் தயார்.

பெரிய கேமராவைத் திறக்கும் வேலையை மட்டும் அனுபவம் இல்லாமல் தொடாதீர்கள். ஃபிளாஷ் உள்ள கேமராவில் மின்தேக்கி சுமார் 300 வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும். அதோடு ஹீட்டர் ஓடும் குளிர்கால வீட்டில் காற்று எலும்பாகக் காய்ந்திருக்கும். கம்பளத்தில் நடந்து வந்து கதவுப்பிடியைத் தொட்டாலே பொறி பறக்கிறதே, அந்தப் பொறி ஒரு சென்சாரைக் கொல்லப் போதும். வெப்கேமைத் திறக்கும்போதுகூட முதலில் மண்ணிணைப்பு உள்ள உலோகம் எதையாவது தொட்டுவிட்டு உட்காருங்கள்.

தடுப்புக் கண்ணாடியை எடுக்காத கேமராவில் எடுக்கும் முறை இது. முக்காலி கட்டாயம். ஃபில்டர் இல்லாமல் ஃபோகஸ் செய்து, ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, அப்புறம் ஃபில்டரை மெதுவாக மாட்டுங்கள். அகச்சிவப்பு சற்றுத் தள்ளி ஃபோகஸாகும். பழைய லென்ஸ்களில் அதற்கென்றே ஒரு சிவப்புக் குறி இருக்கும், இல்லாதவற்றில் லென்ஸ் துளையை எஃப் 5.6 அல்லது எஃப் 8 வைத்து, ஃபோகஸ் வளையத்தை இம்மியளவு அருகுப் பக்கம் திருப்பி நாலைந்து படம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். கேமராவின் மீட்டரை நம்பாதீர்கள். எனக்கு வேலை செய்த அளவு: குண்டு பல்பு அரை மீட்டரில் இருந்தால் எஃப் 4, ஐஎஸ்ஓ 1600, 30 விநாடி. நேர் வெயில் என்றால் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400, 15 விநாடியிலிருந்து தொடங்குங்கள். உங்கள் கேமராவுக்கு இது நாலு மடங்கு கூடலாம், குறையலாம்.

நீண்ட நேரம் திறந்து வைக்கும்போது டிஎஸ்எல்ஆரில் கண் வைத்துப் பார்க்கும் துளை வழியாக ஒளி உள்ளே கசியும். அதைக் கறுப்புத் துணியால் மூடினேன், கசிவு நிற்கவில்லை, அந்தத் துணி அகச்சிவப்புக்குக் கறுப்பே இல்லை. சமையலறை அலுமினியத் தாளை மடித்து மூடியதும் நின்றது. படத்தின் நடுவில் வட்டமாக வெளிறித் தெரிந்தால் அது லென்ஸின் குணம். லென்ஸ் துளையை அகலமாக்கிப் பாருங்கள், குறையவில்லை என்றால் வேறு லென்ஸ்தான் வழி.

என்ன எடுப்பது? அந்தத் துணியிலிருந்தே தொடங்கலாம். அலமாரியில் உள்ள கறுப்பு உடுப்புகளை வரிசையாகத் தொங்கவிட்டு ஒரு படம் எடுங்கள். கண்ணுக்கு ஒரே கறுப்பாகத் தெரிந்தவற்றில் ஒன்று சாம்பலாக, ஒன்று ஏறக்குறைய வெள்ளையாக, ஒன்று மட்டும் கறுப்பாகவே நிற்கும். பல சாயங்கள் அகச்சிவப்பைப் பிடிப்பதில்லை. 2006ல் வந்த லைக்கா எம்8 கேமராவில் தடுப்புக் கண்ணாடி மெலிதாக இருந்ததால் கறுப்பு செயற்கை இழைத் துணிகள் ஊதா நிறத்தில் வந்து, அந்த நிறுவனம் வாங்கியவர்களுக்குத் தடுப்பு ஃபில்டர்களை இலவசமாகக் கொடுத்தது. பேனா மையும் இப்படித்தான். லேசர் பிரிண்டரின் கறுப்பில் கார்பன் இருப்பதால் அது நிற்கும், பல பால்பாயிண்ட் பேனா எழுத்து தாளில் இருந்தே காணாமல் போகும். ஒரு கண்ணாடி டம்ளரில் கோலாவை ஊற்றிப் பின்னால் அச்சடித்த தாளை வையுங்கள், தண்ணீர் வழியாகப் படிப்பது போலப் படிக்கலாம்.

முகம் எடுத்தால் தோல் மெழுகு பூசியது போல வழவழப்பாக வரும், ஏனென்றால் இந்த ஒளி தோலுக்குள் கொஞ்சம் இறங்கிச் சிதறித் திரும்புகிறது. கரும்பழுப்புக் கண்ணின் கருவிழி வரிகள்கூடத் தெளிவாகத் தெரியும். ஆதாருக்குக் கருவிழியைப் பதிவு செய்த கருவி அண்மை அகச்சிவப்பைப் பயன்படுத்துவதும் இதற்காகத்தான். 850 விளக்கில் முன்கையை எடுத்தால் ரத்தக் குழாய்கள் கறுப்புக் கொடிகளாகத் தெரிகின்றன.

எனக்கு மிகப் பிடித்தது இன்னும் கறிவேப்பிலைச் செடிதான். ஹீட்டர் காற்றில் அது ஜனவரியில் பாதி இலையைக் கொட்டிவிட்டு, மிச்சத்தில் சிலது மஞ்சளாகி நிற்கும், பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும். அகச்சிவப்பில் பச்சையும் மஞ்சளும் ஒரே வெள்ளை. பச்சையம் இந்த ஒளியை விழுங்குவதில்லை. இலைக்குள் செல்களுக்கு நடுவே இருக்கும் காற்று இடைவெளிகள்தான் அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன, அந்த அமைப்பு இலை மஞ்சளான பிறகும் கொஞ்ச நாள் இருக்கும். ஈர்க்கின் இரண்டு பக்கமும் மாறி மாறி நிற்கும் சிற்றிலைகள் கறுப்புச் சுவருக்கு முன்னால் இறகு போல ஒளிரும். தொட்டி மண்ணில் உதிர்ந்து கிடப்பவையும் ஒளிரும்.

நிறத்தை மாற்றி நீல வானம் கொண்டுவரும் வித்தையெல்லாம் வெளியே எடுத்த படங்களுக்கு. குண்டு பல்பில் எடுத்ததில் வெறும் சிவப்புதான் இருக்கும், கேமரா எதையும் மாற்றாமல் பதிவு செய்யும் ரா கோப்பாக எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி, மாறுபாட்டைக் கூட்டினால் போதும்.

எடுத்த சூட்டில் பால்கனிக்குப் போய்ப் பனியையும் எடுக்கலாம் என்று தோன்றினால் போங்கள், ஆனால் திரும்பி உள்ளே வருவதற்கு முன், வெளியிலேயே கேமராவை ஒரு ஜிப் பைக்குள் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடிவிடுங்கள். இல்லையென்றால் வீட்டுக் காற்றின் ஈரம் லென்ஸிலும் உள்ளேயும் வேர்த்துப் படியும். பையோடு இரண்டு மணி நேரம் மேசையில் கிடக்கட்டும். படங்களை உடனே பார்க்க வேண்டும் என்றால் பையை மூடுவதற்கு முன்பே மெமரி கார்டை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.